கேட்ட மெட்டைக் கிட்டாரில் தேடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓராண்டுக்கும் மேலாகக் கிட்டார் பயின்று வருகிறேன். பாடுபவருக்குத் துணையாகக் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, வாசிக்க முடிகிறது. ஆனால், எளிய மெட்டு ஒன்றைக் கேட்டுவிட்டுத் தனியாக வாசிக்க முயன்றால் கை நின்றுவிடுகிறது. டேப் எனப்படும் எண் குறிப்புகளை மனப்பாடம் செய்தால் அந்த ஒரு பாடல் மட்டும் வருகிறது. அதையே வேறு சுருதியில் கேட்டால் குழம்பிவிடுகிறேன். காதால் கேட்டு வாசிக்கும் பயிற்சியை எங்கிருந்து தொடங்க வேண்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: தொண்டையிலிருந்து தொடங்குங்கள். வாயால் முனகிக் காட்ட முடியாத மெட்டை விரலால் கண்டுபிடிக்க இயலாது. குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. சுருதி சேர்ந்திருந்தால் போதும்.

டேப் குறிப்பு உங்களுக்குச் சொல்வது எந்தத் தந்தியில் எத்தனையாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டில்) விரலை வைக்க வேண்டும் என்பதை மட்டுமே. மெட்டோ, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரம் எவ்வளவு மேலே ஏறுகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதால் ஆனது. சுருதி மாறும்போது இடங்கள் அனைத்தும் மாறுகின்றன; இடைவெளிகளில் ஒன்றுகூட மாறுவதில்லை. ஆகவே, இடத்தைப் பழகியவர் சுருதி மாறியதும் தடுமாறுகிறார், இடைவெளியைப் பழகியவர் ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தை (ச) மட்டும் நகர்த்திக்கொண்டு அதே மெட்டைத் தொடர்கிறார். எந்தக் கட்டையிலும், அதாவது எந்தச் சுருதி உயரத்திலும், ஷட்ஜத்தை வைத்துப் பாடும் மரபில் வளர்ந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. கிட்டாரைக் கையில் எடுத்ததும் ஏனோ பலரும் அதை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பயிற்சிக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைப் பரிந்துரைக்கிறேன். 1775 முதல் 1835 வரை வாழ்ந்த தீட்சிதர், ஆங்கிலேயரின் பேண்டு இசையாகத் தம் காதில் விழுந்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் (பாடல் வரிகள்) இயற்றினார்; கேட்டு உள்வாங்கிய மெட்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில், கமகம் எனப்படும் ஸ்வர அசைவின்றி, நேராக நடப்பவை என்பதால் இவை ஃப்ரெட் உள்ள வாத்தியத்துக்கு மிகவும் பொருந்துகின்றன. அவற்றுள் ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்பது பிரிட்டிஷ் நாட்டுப் பண்ணின் மெட்டில் அமைந்தது. அதன் முதற்பகுதி இவ்வளவுதான்: ச ச ரி, நி ச ரி, க க ம, க ரி ச, ரி ச நி, ச. இதில் வரும் நி கீழ் ஸ்தாயியைச் சேர்ந்தது. மூன்று எண்ணிக்கை கொண்ட நடையில் ‘நி ச ரி’ வரும்போது நி ஒன்றரை எண்ணிக்கையும் ச அரை எண்ணிக்கையும் ஒலிக்கும். ‘க ரி ச’ என்பதும் அப்படியே.

முதலில் ஒரே தந்தியில் வாசியுங்கள். மெல்லிய தந்தியை முதலாவதாகக் கொண்டு எண்ணினால், இரண்டாம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளலாம். நான்காம் தந்தியை எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் மீட்டினால் அதே ஷட்ஜம் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்; அது உங்களுக்குத் தம்புரா. இப்போது நி 2-இலும், ரி 5-இலும், க 7-இலும், ம 8-இலும் அமைகின்றன. கை ஒரே கோட்டில் மேலும் கீழும் நகர்வதால் இடைவெளியின் அளவு கண்ணுக்கும் தெரிகிறது, கைக்கும் தெரிகிறது. ‘ச ரி’ இரண்டு ஃப்ரெட் தூரம், ‘க ம’ ஒரே ஃப்ரெட் தூரம் என்பதைக் காதும் கையும் சேர்ந்து அறிந்துகொள்வது இந்தக் கட்டத்தில்தான். இதைத் தாண்ட அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் பாடிய பிறகே தந்தியை மீட்ட வேண்டும். மீட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று தலையாட்டுவது பயிற்சி ஆகாது.

அடுத்து, கையை ஓரிடத்தில் நிறுத்தித் தந்திகளுக்குக் குறுக்கே செல்லுங்கள். ஐந்தாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டை ஷட்ஜமாக்கி, அதில் நடுவிரலை வையுங்கள். ஆட்காட்டி விரல் 4-இல் நி, சுண்டுவிரல் 7-இல் ரி. க, ம இரண்டும் நான்காம் தந்தியின் 4, 5-ஆம் ஃப்ரெட்டுகளில், மீண்டும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் கிடைக்கின்றன. மெட்டின் முதற்பகுதி முழுவதும் நான்கு ஃப்ரெட்டுகளின் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த விரல் அமைப்பை அப்படியே ஆறாம் தந்திக்கு நகர்த்தினால் க, ம ஐந்தாம் தந்தியில் வரும். நான்காம் தந்தியில் ஷட்ஜத்தை வைத்தாலும், இரண்டாம் தந்தியில் வைத்தாலும் அமைப்பு சற்றும் மாறாது. மூன்றாம் தந்தியில் ஷட்ஜம் அமையும்போது மட்டும் க, ம இரண்டும் ஒரு ஃப்ரெட் மேலே தள்ளிப்போய், இரண்டாம் தந்தியின் 5, 6-இல் நிற்கும். இதன் காரணம் நீங்கள் அன்றாடம் சுருதி கூட்டும் முறையிலேயே இருக்கிறது. அடுத்தடுத்த தந்திகள் ஐந்து ஃப்ரெட் இடைவெளியில் சேர்க்கப்படுகின்றன. மூன்றாவதும் இரண்டாவதும் மட்டும் நான்கு ஃப்ரெட் இடைவெளியில் சேர்க்கப்படுகின்றன. குறுக்கே வாசிக்கும்போது பெரும்பாலானோர் இடறி விழும் இடம் இந்த ஓர் இணைதான். அங்கே விதியை நினைவுகூர்வதைவிடக் காந்தாரத்தை (க) பாடி, குரல் சொல்லும் இடத்தில் விரலை வைப்பது விரைவில் பலன் தரும்.

ஐந்து தந்திகளிலும் 5-ஆம் ஃப்ரெட்டையே ஷட்ஜமாகக் கொண்டு, தடித்த தந்தியிலிருந்து வரிசையாக இந்த மெட்டை வாசித்தால், சுருதி முறையே 6, 2, 5, 1, 3 கட்டை என்று மாறிவரும். வேறு சுருதியில் வாசிக்கச் சொன்னால் குழப்பம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே அமர்வில் ஐந்து சுருதிகளில் வாசித்து முடித்திருப்பீர்கள்.

கேள்வி: பாடலின் ஷட்ஜம் எது என்பதையே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பல பாடல்கள் ஷட்ஜத்தில் தொடங்குவதும் இல்லையே?
— வாசகர், காரைக்குடி

பதில்: தொடக்கத்தைப் பார்க்காதீர்கள், முடிவைப் பாருங்கள். பாடலை நிறுத்திய பின் மனம் எந்த ஸ்வரத்தில் ஓய்வாக நிற்க விரும்புகிறதோ அதை முனகிக்கொண்டே, ஆறாம் தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுங்கள். திறந்த தந்தியிலிருந்து 11-ஆம் ஃப்ரெட் வரை பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் இருப்பதால் அதற்குள் அது அகப்பட்டே தீரும். ஸ்தாயி வேறுபட்டாலும் கவலையில்லை.

பஞ்சமத்தை (ப) ஷட்ஜமாக எண்ணிவிடுவதுதான் வழக்கமான தவறு. சங்கராபரண மெட்டு ஒன்றில் இது நேர்ந்தால், நீங்கள் ஷட்ஜம் என்று கருதும் இடத்திலிருந்து மேலே ஏறும்போது நிஷாதம் (நி) மட்டும் ஒரு ஃப்ரெட் தாழ்ந்து ஒலிப்பதாகத் தோன்றும். பஞ்சமத்தை ஆதாரமாகக் கொண்டால் சங்கராபரணம் அரிகாம்போதி ராகமாகிவிடுகிறது அல்லவா, அதன் விளைவே இது. அவ்வாறு தோன்றினால் ஏழு ஃப்ரெட் கீழே அல்லது ஐந்து ஃப்ரெட் மேலே உள்ள ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்து, பாடலை முதலிலிருந்து முனகிப் பாருங்கள்.

கேள்வி: இந்த முறையில் கர்நாடக ராகங்களை வாசிக்க இயலுமா?
— வாசகர், மதுரை

பதில்: இயலும். வீணையிலும் ஃப்ரெட்டுகள் இருக்கின்றன; தந்தியை இழுத்தும் விரலைச் சறுக்கியுமே அதில் கமகங்கள் பிறக்கின்றன. ஆர். பிரசன்னா மின்கிட்டாரில் கர்நாடக இசைக் கச்சேரிகளே செய்து வருகிறார். ஆனால் தொடக்கத்திலேயே தோடி ராகத்தை எடுக்க வேண்டாம். தோடியின் காந்தாரத்தை அசைவின்றி ஒரு ஃப்ரெட்டில் நிறுத்தினால் ராகமே மறைந்துவிடும். மோகனத்தில் தொடங்குங்கள். ஐந்தாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட் ஷட்ஜமானால், அதே தந்தியின் 7-இல் ரி, நான்காம் தந்தியின் 4, 7-இல் க, ப, மூன்றாம் தந்தியின் 4, 7-இல் த, மேல் ச. சரளி வரிசைகளை இதில் வாசித்துப் பழகிய பின், 4-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7-க்குச் சறுக்கி காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் இணைத்துப் பாருங்கள். அந்தச் சறுக்கலையும் முதலில் வாயால் பாடிவிட்டே செய்யுங்கள்.