நடுவானில் கோளாறு, விமானியின் கண்ணில் தூக்கம்: கேள்வி பதில்

கேள்வி (சத்துவாச்சாரி, கல்லூரி மாணவர்): ராத்திரி மூணு மணிக்கு ஒரு இன்ஜின் நின்னுபோனா, தூக்கக் கலக்கத்துல இருக்கிற விமானி முதல்ல என்ன சார் செய்யணும்?

பதில்: கையை அடக்கணும் தம்பி. ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டும் பார்ப்பார், கோளாறை மற்றவர் கவனிப்பார். இரட்டை இன்ஜின் விமானம் ஒன்றை வைத்தே பறந்து இறங்கும்படி கட்டப்பட்டது. அதனால் சரிபார்க்க நேரம் உண்டு. நல்ல இன்ஜினை அணைத்துவிட்டால்தான் மீள்வது கஷ்டம். அதற்காகத்தான் இந்த முறை: ஒருவர் "இரண்டாம் இன்ஜின் த்ரஸ்ட் லிவர்" (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) என்று வாய்விட்டுச் சொல்லி அதன்மேல் கை வைப்பார். மற்றவர் கண்ணால் பார்த்து "சரி" என்ற பிறகே கை வைத்தவர் இழுப்பார். எரிபொருள் சுவிட்சுக்கும் தீயணைப்புக் கைப்பிடிக்கும் இதேதான், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே பழுதானது இடது இன்ஜின், அணைக்கப்பட்டது வலது. 47 பேர் இறந்தார்கள். அது மாலை நேர விமானம். விடியற்காலை மூணு மணிக்கு இந்தச் சரிபார்ப்பு இன்னும் எவ்வளவு அவசியம் என்று பாருங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை, தோல் தொழிற்சாலை ஷிப்ட் ஊழியர்): நைட் ஷிப்ட்ல எங்களுக்கும் கண்ணு சொக்கும். விமானிக்கு அதனால என்ன கெடும்?

பதில்: உங்களுக்குக் கெடுவதேதான். பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல ஆகிவிடுகிறது என்று 1997-ல் ஓர் ஆய்வு காட்டியது. இரவு 2 முதல் 6 வரை உடலே தூக்கத்துக்கு இழுக்கும். அப்போது கண் ஒரே பொருளில் ஒட்டிக்கொள்ளும், காதில் விழுவது மண்டையில் ஏறாது.

1993 ஆகஸ்டில் கியூபாவின் குவான்டனாமோவில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் விழுந்தது. தரையில் இருந்த அடையாள விளக்கு ஒன்று அன்று எரியவில்லை. இறங்கும் திருப்பத்தில் கேப்டன் அதையே தேடிக்கொண்டிருந்தார். வேகம் குறைவதைப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியும் அவருக்கு உறைக்கவில்லை. மூவரும் உயிர் தப்பினார்கள். களைப்பையே காரணமாக விசாரணை எழுதியது. அதனால் எச்சரிப்பவர் "வேகம் குறையுது" என்று முனகினால் போதாது. "கேப்டன், வேகம் 130, பவர் கொடுங்க" என்று எண்ணோடு சொல்லணும். இரண்டாம் முறையும் பதில் இல்லையென்றால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளணும்.

கேள்வி (ஆம்பூர், ஒரு தாய்): என் பொண்ணு கேபின் க்ரூ. காத்தழுத்தம் போனா அவ என்ன செய்யணும் ஐயா?

பதில்: தன் மாஸ்க்கை முதலில் மாட்டணும் அம்மா, பயணிக்கு உதவுவது அதற்குப் பிறகுதான். 35,000 அடியில் தெளிவோடு இருக்க அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். ஆக்சிஜன் குறைவும் தூக்கக் களைப்பும் ஒரே மாதிரி மந்தமாகத்தான் தெரியும், எது என்று யோசிக்கவே கூடாது. விமானிகள் 10,000 அடிக்கு இறக்கும்வரை கிடைத்த இருக்கையில் பெல்ட் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி (குடியாத்தம்): விடியற்காலை விமான டியூட்டிக்கு ஊர்ல இருந்தே ராத்திரி கார்ல கிளம்பி மீனம்பாக்கம் போனா என்ன தப்பு?

பதில்: பெரிய தப்பு. டியூட்டி கணக்கு ரிப்போர்ட் செய்யும் நேரத்தில்தான் தொடங்கும். மூணு மணி நேரச் சாலைப் பயணம் அதில் வராது, உடம்பு மட்டும் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். முதல் நாள் மதியமே காட்பாடியில் ரயில் ஏறி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தூங்கிவிடணும். காபி வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும், அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

கேள்வி (ஆற்காடு): கோளாறு வந்ததும் உடனே இறங்கிடறது நல்லதில்லையா?

பதில்: தீயோ புகையோ இருந்தால் ஆமாம், ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. மற்றபடி களைத்தவர்கள் அவசரமாக இறங்கினால்தான் செக்லிஸ்டில் வரி விடும். வானில் ஒரு வட்டம் போட அனுமதி கேட்டு, செக்லிஸ்டை விரலால் தொட்டுத் தொட்டு முடித்து, ஃப்ளாப் (இறக்கையில் நீட்டி மடக்கும் தகடு) அளவு, இறங்கும் வேகம், தேவைப்படும் ரன்வே நீளம் மூன்றையும் இருவரும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடணும். எண்கள் ஒத்துவராவிட்டால் முதலிலிருந்து கணக்கிடணும்.