கறுத்துப்போன ஸ்கேன் படம், வெளுத்துப்போன பில்: அச்சு மை கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ராகம்தான். 'சார், பிரிண்ட் சரியா வரல, மை சரியில்லையா?' அவ்வளவுதான் கடிதம். எந்த பிரிண்டர், என்ன மை, எந்தத் தாள், எதுவும் கிடையாது. எனக்கு ஜோசியம் தெரியாது. இந்த மூன்றையும் எழுதாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். ஓரிரண்டு பேர் மட்டும் தப்பித்தார்கள், அவர்கள் கோளாறு எழுதாமலே தெரிந்த கோளாறு என்பதால்.

டேங்க் பிரிண்டர் வைத்திருக்கிறேன். கோடை லீவுக்கு ஊருக்குப் போய் வந்தால் கறுப்பு மட்டும் வரமாட்டேன் என்கிறது, மற்ற மூன்று கலரும் நன்றாக வருகிறது. கறுப்பு மை மட்டும் போலியா? (சேலம்)

போலி இல்லை. பல டேங்க் மாடல்களில் கறுப்பு பிக்மென்ட் மை, மற்ற மூன்றும் டை மை. பாட்டிலிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. டை என்பது தண்ணீரில் கரைந்த சாயம்; காய்ந்தால் பாகு மாதிரி கெட்டியாகும், புது மை பட்டால் திரும்பக் கரைந்துவிடும். பிக்மென்ட் கரையாது. நூறு நானோமீட்டர் சுமாருக்கு அரைத்த கார்பன் துகள்கள், ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒரு பாலிமரைப் போர்த்திக்கொண்டு தண்ணீரில் மிதக்கின்றன. மையில் முக்கால்வாசி தண்ணீர்தான். சீக்கிரம் காயாமலிருக்க கிளிசரின், கிளைக்கால் வகையில் பத்து இருபது சதவீதம் சேர்த்திருப்பார்கள். மே மாத வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் ஒரு மாதம் கிடந்தால் அதுவும் தாங்காது. தண்ணீர் போனதும் துகள்கள் நெருங்கி ஒட்டி, இருபது மைக்ரான் துளையை அடைத்துக்கொள்கின்றன.

ஹெட் கிளீனிங் இரண்டு தடவை கொடுங்கள், அப்புறம் ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் இன்னொரு தடவை. இடைவெளியில்தான் புது மை ஊறி அடைப்பை இளக்கும். விடாமல் பத்து தடவை கொடுத்தால் வேஸ்ட் பேட் (கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு) நிரம்பும், டேங்க் காலியாகும், அடைப்பு அப்படியே இருக்கும். இனிமேல் வாரம் ஒரு கலர் பக்கம் அடித்துவிடுங்கள். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஹெட்டை சானிடைசர் ஊற்றிச் சுத்தம் செய்யலாமா? யூடியூபில் காட்டுகிறார்கள். (பெயர், ஊர், பிரிண்டர் எதுவும் இல்லை)

கூடாது. ஆல்கஹால் அதிகமானால் பிக்மென்ட் மீது போர்த்திய பாலிமர் சுருங்கி, துகள்கள் தயிர் மாதிரி திரியும். போர் தண்ணீரும் கூடாது; அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதே வேலையைச் செய்யும். டிஸ்டில்டு வாட்டர், அதுவும் மிதமான சூட்டில். அதற்கும் அசையாவிட்டால் அந்த மைக்கென்று விற்கும் கிளீனிங் திரவம். ஹெட்டுக்குள் போகும் எதுவும் மைக்கு உறவாக இருக்கவேண்டும், இதை எத்தனை தடவை எழுதியாயிற்று.

மக் பிரிண்ட் செய்யும் அதே சப்ளிமேஷன் மையில் காட்டன் பனியனுக்கும் அடித்தேன். முதல் சலவையிலேயே வெளுத்துவிட்டது. சூடு பத்தவில்லையா? (திருப்பூர்)

திருப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! சப்ளிமேஷன் மையில் இருப்பது டிஸ்பர்ஸ் சாயம். 180–200 டிகிரியில் ஆவியாகி பாலியஸ்டருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் மக்கில் கூட பீங்கான் மீது பாலியஸ்டர் பூச்சு இருப்பதால்தான் பிடிக்கிறது. பருத்தியில் அதற்கு இடமில்லை. சூட்டை ஏற்றினால் பனியன்தான் கருகும். காட்டனுக்கு டிடிஎஃப் (ஃபிலிமில் அடித்துத் துணிக்கு மாற்றுவது) அல்லது பிக்மென்ட் டிடிஜி (துணியிலேயே நேராக அடிப்பது). இன்னொன்று, இந்த மையை பீசோ ஹெட் (சூடு இல்லாமல், மின்சாரத்தில் நெளியும் படிகத்தால் மையைத் தள்ளுவது) பிரிண்டரில் மட்டும் ஊற்றுங்கள், தெர்மல் இன்க்ஜெட்டில் வேண்டாம்.

தெர்மல் இன்க்ஜெட், தெர்மல் பிரிண்டர் இரண்டும் ஒன்றா? (விருதுநகர்)

இல்லை. முதலாவதில் சூடாவது மை. ஒரு நுண்ணிய ஹீட்டர் மைக்ரோ செகண்டுகளில் 300 டிகிரிக்குப் போய் ஒரு குமிழியை உண்டாக்கி மைத்துளியைத் தள்ளும். 1984-இல் வந்த ஹெச்பி திங்க்ஜெட் காலத்திலிருந்து இதுதான் கதை. இரண்டாவதில் சூடாவது தாள், மையே கிடையாது. அதைப் பற்றித்தான் அடுத்த கடிதம்.

குழந்தையின் ஸ்கேன் படத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுத்தேன். மொத்தமும் கறுப்பாகி வந்தது. கடைக்காரர் தப்பா? அதே வாரம், ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தால் அது வெள்ளையாகிவிட்டது. ஒன்று கறுக்கிறது, ஒன்று வெளுக்கிறது, என்னதான் நடக்கிறது? (மதுரை)

நல்ல கேள்வி. நீளமாகத்தான் பதில் சொல்வேன், இது என் பழைய எரிச்சல்.

தெர்மல் தாளின் பூச்சில் முக்கியமாக மூன்று தூள்கள். நிறமில்லாத லியூகோ சாயம், அதற்கு நிறம் கொடுக்கும் லேசான அமிலத்தன்மையுள்ள டெவலப்பர், சீக்கிரம் உருக உதவும் சென்சிடைசர். தனித்தனியாக மைக்ரான் அளவுக்கு அரைத்து, பாலிவினைல் ஆல்கஹால் மாதிரியான பசையில் கலந்து சில மைக்ரான் கனத்துக்குப் பூசுகிறார்கள். பாக்கும் சுண்ணாம்பும் பொட்டலத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் ஒன்றுமில்லை, வாயில் சேர்ந்து அரைபட்டால்தான் சிவக்கும் அல்லவா, அந்தக் கணக்குதான். ஹெட்டிலுள்ள புள்ளி சூடானதும் உருகிச் சேர்கின்றன, சாய மூலக்கூறின் லாக்டோன் வளையம் திறக்கிறது, கறுப்பு வருகிறது. சுமார் 70 டிகிரியில் கறுக்கத் தொடங்கும், 90–100-இல் முழுக் கறுப்பு. லேமினேஷன் மெஷின் நூறைத் தாண்டித்தான் ஓடும். ஸ்கேன் படத் தாளும் இதே வகை, எனவே மொத்தப் படமும் கறுத்துவிட்டது. கடைக்காரர் ஓரத்தில் நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறிப் பார்த்திருக்கலாம்; உரசல் சூட்டிலேயே சாம்பல் கோடு விழுந்தால் அது தெர்மல் தாள், மெஷினுக்குள் விடக்கூடாது. அந்தப் படத்தை இனி மீட்க முடியாது. ஸ்கேன் சென்டரில் கேட்டுப் பாருங்கள், கோப்பு இருக்கலாம்.

இப்போது ஃபிரிட்ஜ் பில். சாயமும் டெவலப்பரும் சேர்ந்தது நிரந்தரக் கல்யாணம் இல்லை, பிரித்தால் பிரிந்துவிடும். பிரிப்பதில் கெட்டிக்காரன் பிவிசி பிளாஸ்டிக்கில் மெதுமைக்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர். ரெக்சின் பர்ஸ், மெத்தென்ற பிளாஸ்டிக் கவர், சில வகை ஒட்டுநாடாவின் பசை, தலைக்கு எண்ணெய் தடவிய கை, எல்லாம் அதே வேலையைச் செய்யும். நீங்களே ஒரு பழைய பெட்ரோல் பங்க் ரசீதை எடுத்துப் பாருங்கள். வெறும் இடத்தில் ஒரு சொட்டு சானிடைசர் விட்டால் கண்ணெதிரே கருந்திட்டு பூக்கும், ஏனென்றால் ஆல்கஹால் சாயத்தையும் டெவலப்பரையும் ஒன்றாகக் கரைத்துச் சேர்த்து வைக்கிறது. அதே ரசீதின் எழுத்துள்ள பக்கத்தை பிவிசி கவருக்குள் சில வாரம் வைத்தால் எழுத்து மங்கும். ஒரே தாள், ஒரு கரைப்பான் எழுதுகிறது, இன்னொன்று அழிக்கிறது.

என் எரிச்சல் எங்கே என்றால், கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ வாரண்டி என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போடுகிறார்கள். அதற்கு ஆதாரமாகக் கொடுக்கும் பில்லோ தெர்மல் தாள், அதிலும் மலிவான ரகம். சாதாரண ரகத்துக்குத் தாள் தயாரிப்பாளர்களே ஐந்து முதல் ஏழு வருஷம்தான் சொல்வார்கள், அதுவும் 25 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல், ஈரப்பதம் ஏறாமல் வைத்தால். நம் ஊர் பீரோவுக்குள் வருஷத்தில் எத்தனை நாள் 25 டிகிரி? நாலாவது வருஷம் சர்வீஸ் ஆள் வந்து வெள்ளைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 'பில் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது' என்பார். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு நடந்தது இதுதான். தேதி, சீரியல் நம்பர், கடைப் பெயர் எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், ஆனாலும் தாள்தான் வேண்டுமாம். மேலே பாதுகாப்புப் பூச்சு உள்ள டாப்கோட் தாள் கொஞ்சம்தான் விலை கூட. எண்ணெயையும் பிளாஸ்டிசைசரையும் அது நன்றாகவே தடுக்கும். நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருள் விற்பவருக்கு அந்தக் காசு கணக்கே இல்லை. இட்லிக் கடை பில்லுக்கு எந்தத் தாளும் போதும், யாரும் நாளைக்குத் தேடப்போவதில்லை. வாரண்டி, டெபாசிட், ஆஸ்பத்திரி ரசீது, இசிஜி மாதிரி விஷயங்களுக்கு இந்தத் தாளா?

நாம் செய்யக்கூடியது: வாங்கிய அன்றே ஜெராக்ஸ். ஜெராக்ஸ் டோனர் என்பது கார்பனும் பிளாஸ்டிக்கும், தாளில் உருகி ஒட்டியது, இந்த மாதிரிப் பிரிந்து போகாது. ஃபோனிலும் ஒரு படம். அசலைக் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் பாலிப்ரொப்பிலீன் ஃபைல். மங்கிப்போனதைக் கலரில் ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள், மஞ்சளாகவோ சாம்பலாகவோ தடம் இருந்தால் படிக்கலாம். அயர்ன் பாக்ஸ் வைக்கும் வித்தை வேண்டாம், வெற்றிடமெல்லாம் கறுத்து, இருந்த தடமும் போய்விடும். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் ஜெராக்ஸ், லேமினேஷன் வேண்டும் என்றால் அந்த ஜெராக்ஸுக்கு.

பில் கவுன்டரில் வேலை. அந்தத் தாளைத் தொட்டால் ஹார்மோன் கெடும் என்கிறார்களே? (கோயம்புத்தூர்)

மேலே சொன்ன டெவலப்பர் வெகுகாலம் பிஸ்பீனால் ஏ (பிபிஏ)-தான், தாளின் எடையில் ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் என்று கட்டுப்படாமல் தூளாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து அதை 0.02 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டது. உடனே பலர் பிஸ்பீனால் எஸ்-க்கு மாறினார்கள், அதுவும் அதே குடும்பம். எனவே 'பிபிஏ ஃப்ரீ' என்ற முத்திரையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், ஃபீனால் இல்லாத தாளா என்று கேளுங்கள். ஒரு பில்லை வாங்கிப் பையில் போடுபவர் பயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் கிழித்துக் கொடுக்கும் நீங்கள், சானிடைசரோ கிரீமோ தடவிய ஈரக் கையோடு தொடாதீர்கள், தோல் வழியாக அதிகம் இறங்கும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தத் தாளில் பஜ்ஜி மடிப்பதும் வேண்டாம்.

கிளாஸி பேப்பரில் அடித்த போட்டோ, கை வைத்தால் ஈஷிக்கொள்கிறது. (திண்டுக்கல்)

என்ன கிளாஸி? பெயர் எழுதினால் என்ன குறைந்துவிடும்? பிக்மென்ட் மையைப் பழைய ஜெலட்டின் வகைத் தாளில் அடித்திருப்பீர்கள், துகள் மேலேயே நிற்கும். சிலிக்கா பூசிய மைக்ரோபோரஸ் (நுண்துளைத்) தாள் வாங்குங்கள், அல்லது டை மை போடுங்கள். தாளைத் தலைகீழாகப் போட்டு அடித்தவர்களும் இதே புகாரோடுதான் வருவார்கள், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுவரில் ஒட்டிய போட்டோக்கள் ஒரு வருஷத்துக்குள் சிவந்துபோயின. வெயிலே படாத இடம். ஆல்பத்துக்குள் இருப்பவை நன்றாக இருக்கின்றன. (யாழ்ப்பாணம்)

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெயில் இல்லை, காற்று. மைக்ரோபோரஸ் தாள் பஞ்சு மாதிரித் திறந்தே இருக்கும், காற்றிலுள்ள ஓசோன் உள்ளே போய் முதலில் சயான் சாயத்தை அரிக்கும். சயான் போனால் மிச்சம் மஞ்சளும் மெஜந்தாவும், அதுதான் அந்தச் சிவப்பு. கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்யுங்கள். நிரந்தரமாகத் தொங்கவேண்டிய படத்துக்குப் பிக்மென்ட் மை.

ஏற்றுமதி மீன் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறோம், ரிப்பன் பிரிண்டர். ஐஸ் பட்டால் பார்கோடு தேய்கிறது. டார்க்னஸ் முழுக்க ஏற்றியும் பயனில்லை. (தூத்துக்குடி)

டார்க்னஸைக் குறையுங்கள் முதலில், ஹெட் போய்விடும். உங்களுடையது வேக்ஸ் ரிப்பனும் காகித லேபிளும் என்று நினைக்கிறேன், விலை குறைவு என்பதால் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். மெழுகு காகித நாரில் ஊறிப் பிடிக்கும், நனைந்து நார் எழும்பினால் கூடவே போய்விடும். பாலிப்ரொப்பிலீன் லேபிளுக்கும் வேக்ஸ்-ரெசின் ரிப்பனுக்கும் மாறுங்கள், பசையும் ஃப்ரீசருக்கான பசையா என்று கேட்டு வாங்குங்கள். பாலியஸ்டர் லேபிள் என்றால் முழு ரெசின்.

தேங்காயெண்ணெய் பாக்கெட்டில் அடிக்கும் தேதி விரலால் தேய்த்தாலே போகிறது. மை கம்பெனியை மாற்றலாமா? (காங்கேயம்)

மையை மாற்றும் முன் பாக்கெட்டைப் பாருங்கள். உங்கள் சிஐஜே (ஓடும் பாக்கெட்டில் மையைப் பீய்ச்சித் தேதி அடிக்கும்) மெஷினில் எம்இகே என்ற சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான் கலந்த மை, ஒன்றிரண்டு செகண்டில் காய்ந்துவிடும், அதில் குறையிருக்காது. பாலித்தீன் எதையும் ஒட்டவிடாத பரப்பு, சும்மா இருந்தால் 31 டைன் சுமார் (மை பிடிக்கும் தன்மையை அளக்கும் பரப்பு ஆற்றல் அளவு). கரோனா (நோய் இல்லை, ஃபிலிம் மீது பாய்ச்சும் மின்பொறி) கொடுத்து 38-க்கு மேல் ஏற்றினால்தான் மை பிடிக்கும். அந்த ஏற்றம் கிடங்கில் கிடக்கக் கிடக்க இறங்கும், ஃபிலிமில் போட்ட ஸ்லிப் மெழுகும் மேலே வரும். டைன் பேனா ஒன்று வாங்கி ரோல் வந்தவுடனும் அடிக்கும் அன்றும் கோடு போட்டுப் பாருங்கள், கோடு திவலை திவலையாகப் பிரிந்தால் ரோலைத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம், நீங்கள் எண்ணெய் நிரப்பி சீல் வைத்தபிறகு தேதி அடிக்கிறீர்கள் என்று போட்டோவில் தெரிகிறது. வரிசையை மாற்றி, எண்ணெய் படும் முன்பே அடியுங்கள்.

ஃபிரிக்ஷன் பேனாவில் (தேய்த்தால் அழியும் பேனா) எழுதிய கணக்கு நோட்டை வெயிலில் நின்ற காரில் விட்டுவிட்டேன், எல்லாம் வெறும் தாள். (காரைக்குடி)

நோட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். அதுவும் லியூகோ சாயம்தான், 60 டிகிரிக்கு மேல் மறையும், மைனஸ் பத்து இருபதில் திரும்ப வரும். வந்ததும் அன்றே ஜெராக்ஸ்.