கையெழுத்து இருக்கிறது, மனசு மாறிவிட்டது: படத்தை மாட்டலாமா?

கேள்வி: நான் செம்பூரில் இருக்கிறேன். ஐ.டி. வேலை, ஓய்வு நேரத்தில் புகைப்படம். ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, தாராவியில் வீட்டிலிருந்தே முறுக்கு சுற்றுவது, தைத்த துணியில் தாகா (தொங்கும் நூல்) வெட்டுவது போன்ற வேலை செய்யும் 12 தமிழ்ப் பெண்களுக்கு ஆறு மாதமாகப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் எடுத்த படங்களுக்கு இன்னும் மூன்று வாரத்தில் கண்காட்சி. ஒருவர் தன் பக்கத்து வீட்டு அக்காவை எடுத்த படம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. அழைப்பிதழுக்கும் அதையே முடிவு செய்திருந்தோம். அந்த அக்காவும் குழுவில் இருப்பவர். தொடக்கத்திலேயே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர். இப்போது "அந்தப் படம் மட்டும் வேண்டாம்மா" என்கிறார். காரணம் சொல்லவில்லை. எடுத்தவர் அழுதுவிட்டார். கையெழுத்து இருப்பதால் போடலாம் என்கிறது நிறுவனம். முகத்தை மங்கலாக்கிப் போட்டால் சரியாக இருக்குமா? (வாசகி, மும்பை)

பதில்: எடுத்துவிடுங்கள். சுவரிலிருந்தும் அழைப்பிதழிலிருந்தும். மங்கலாக்கியும் போட வேண்டாம்.

எடுத்துவிட்ட பிறகு அவரைப் போய்ப் பாருங்கள், அதற்கு முன்பு வேண்டாம். படம் இன்னும் பட்டியலில் இருக்கும்போது போனால் நீங்கள் என்ன பேசினாலும் அது கெஞ்சலாகத்தான் அவர் காதில் விழும். ஆறு மாதம் வீட்டுக்கு வந்து போன பெண்ணிடம், டீ போட்டுக் கொடுத்த கையோடு, இரண்டாம் முறையும் 'வேண்டாம்' என்று சொல்வது லேசில்லை. முதல் முறை சொன்னதே பெரிது. உங்களிடம் வேண்டாம் என்று சொல்லலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்திருக்கிறது. அந்த வகையில் உங்கள் பயிற்சி பலித்திருக்கிறது.

மங்கலாக்கும் யோசனைக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு நிறுவனத்துக்காக, வீட்டுவேலை செய்யும் பெண்களோடு இப்படி ஒரு வேலை செய்தேன். ஒருவர் முகம் வேண்டாம் என்றார். சரி, கை மட்டும் என்று எடுத்தோம். சிங்க்கில் குவிந்த பாத்திரம், பச்சைக் கண்ணாடி வளையல், வளையலில் கோத்த இரண்டு ஊக்கு, மணிக்கட்டில் குக்கர் ஆவி பட்ட தழும்பு. அந்த ஊக்கில் போய் நின்றது என் ஃபோகஸ், அவ்வளவு அழகாக இருந்தது. பெயரும் போடவில்லை, இடமும் போடவில்லை. அடுத்த வருடம் நிறுவனம் எங்கள் யாரையும் கேட்காமல் அதைக் காலண்டரில் அச்சடித்துவிட்டது. காலண்டர் சுற்றிச் சுற்றி, அவர் வேலை பார்த்த அதே கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "இது எங்க வீட்டுச் சமையலறை டைல்ஸ் ஆச்சே" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு வேலை போயிற்று. முகத்தை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த எங்களில் ஒருவருக்கும், சிங்க் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

மங்கல் முகம் அந்நியர்களிடமிருந்துதான் மறைக்கும். இந்தப் பெண்களுக்கு அந்நியரால் ஆபத்து குறைவு. மாமியார், வட்டிக்குக் கொடுத்தவர், வீட்டு ஓனர், துணிக்கட்டு கொண்டுவந்து போடும் ஆள் இவர்களுக்கு முகமே தேவையில்லை. புடவையும் வாசற்படியும் போதும்.

தாராவியில் இன்னொன்றும் இருக்கிறது. குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டும் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் பிறகு வந்தவர்களுக்கும் கணக்கு வேறு. இந்த நிலைமையில், மேல்மாடிக்குப் போகச் சந்துக்குள் செங்குத்தாக நிற்கும் அந்த இரும்பு ஏணி, அதில் விழும் சாயங்கால வெளிச்சம், நம்மைப் போன்றவர்களுக்கு அது கம்போசிஷன். அங்கே குடியிருப்பவருக்கு அது மேலே யார் இருக்கிறார்கள், வாடகைக்கா, எத்தனை நாளாக என்ற கேள்வி. அந்த அக்கா காரணம் சொல்லாததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. புருஷன் ஏதாவது சொல்லியிருக்கலாம், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம், படத்தில் தான் கிழவியாகத் தெரிவது பிடிக்காமல்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் காரணம்தான். கேட்காதீர்கள், சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கையெழுத்து. படிவம் என்ன மொழியில் இருந்தது? ஆங்கிலத்தில் இருந்து நீங்கள் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அவர் உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டார், படிவத்தை அல்ல. தமிழிலேயே இருந்தாலும், அன்று அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. இல்லாத படத்துக்கு எப்படிச் சம்மதம் சொல்வது? சம்மதத்தை மூன்று இடத்தில் கேட்பது என் பழக்கம்: எடுக்கும்போது, படத்தைக் காட்டித் தேர்வு செய்யும்போது, எங்கே யாருக்குக் காட்டப்போகிறோம் என்று முடிவானபோது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். தன் சந்தில் காட்டச் சம்மதித்தவர் இன்ஸ்டாகிராமுக்கும் சம்மதித்துவிட்டதாக ஆகாது.

அழுதவரை மறந்துவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர்தான். கேமரா யார் வாங்கிக் கொடுத்தது என்பது கணக்கில் வராது. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒருவர் சொல்லி, அதற்குப் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமை பணம் கொடுத்தவருக்குப் போய்விடும் (பிரிவு 17). பயிற்சிக்கு வரும் நாளில் பெண்களுக்கு முறுக்குக் கூலியும் தாகாக் கூலியும் நஷ்டம், அதை ஈடுகட்டப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். சம்பளம் இல்லாமல் கூட்டுமுயற்சி என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பணம் படத்துக்கான விலை அல்ல, உரிமை எடுத்தவரிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கும் தாளில் காலமும் இடமும் குறிப்பிடுங்கள். காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும். 'இந்த ஒரு கண்காட்சி, ஆறு மாதம்' என்று எழுதினால் காலண்டர் பிரச்சினை வராது.

ஆக, பதிப்புரிமைச் சட்டம் எடுத்தவர் பக்கம் நிற்கிறது, அதில் படத்தில் இருப்பவர் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் குறையைக் குழுவின் விதிதான் நிரப்ப வேண்டும். விதி முன்பே இருந்திருந்தால் இன்று அழுகை குறைவாக இருந்திருக்கும். எடுத்தவரிடம் போய், உன் படம் நல்ல படம், தப்பு உன்னுடையது இல்லை, தேர்வை நான் சரியாக நடத்தவில்லை என்று சொல்லுங்கள். அவருடைய வேறு படத்துக்கு நல்ல சுவராகக் கொடுங்கள். அந்தப் படத்தின் ஒரு பிரிண்ட்டை அக்காவிடமே கொடுக்கலாமா என்று அவரே அக்காவிடம் கேட்கட்டும்.

கேமராவைக் கையில் கொடுத்தவுடன் கூட்டுமுயற்சி ஆகிவிடாது, அது தேர்வு மேசையில்தான் தெரியும் என்பது என் கட்சி. 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்து கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் வடிவமைத்த முறைக்கு போட்டோவாய்ஸ் என்று பெயர். படங்களைக் குழுவாக உட்கார்ந்து பேச அதில் ஐந்து கேள்விகள் புழக்கத்தில் உண்டு: இங்கே என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், ஏன் இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம். நல்ல கேள்விகள். நான் ஆறாவதாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: இதை யார் பார்த்தால் உனக்குச் சிக்கல்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பாயில் பரப்பிய படங்களில் ஏழெட்டு கவிழ்ந்துவிடும். கவிழ்த்தவர் யார் என்றுகூடப் பார்க்காமல் அப்படியே எடுத்துவைத்துவிட வேண்டும். மூன்று வாரம் இருக்கிறதே, ஒரு ஞாயிறு மதியம், தாராவிக்குள்ளேயே, பெண்கள் மட்டும் இருக்கும்படி இதை நடத்திவிடுங்கள்.

போனில் எடுத்த படமென்றால் எடுத்த இடம் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கலாம். வாட்ஸாப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். லொகேஷனை நீக்கிவிட்டு அனுப்புங்கள். பட விளக்கத்தில் யாராவது பாலியல் வன்முறை பற்றிச் சொல்லியிருந்தால், பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் தனியாக இருக்கிறது. அந்த மாதிரி வரிகளை வக்கீலிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

சுவரில் அந்தப் படத்தின் இடத்தைக் காலியாக விட்டு, 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஒரு அட்டை மாட்டும் ஆசை உங்கள் நிறுவனத்தில் யாருக்காவது வரும். கேலரிக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். வேண்டாம். யார், ஏன் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. போயிருந்தால் இன்றைக்கே பிரஸ்ஸுக்கு போன் போட்டு நிறுத்துங்கள். அச்சுச் செலவு நிறுவனத்தின் கணக்கில் போகட்டும். எவ்வளவு போயிற்று என்ற பேச்சு அந்த அக்கா காதுக்கு எட்டவே கூடாது.