கொரிய மொழியிலும் 'அப்பா' இருக்கிறதே, ஒரே சொல் பல மொழிகளில் இருந்தால் மூலமும் ஒன்றுதானா?

சில சொற்கள் உண்மையிலேயே ஒரே சொல்தான், போன இடத்தில் பொருள் மாறிவிட்டது. சில சொற்களுக்கு ஒலி மட்டும்தான் ஒன்று, ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கேட்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

எனக்கு இது உறைத்தது ஒரே ஒரு சொல்லால். தெலுங்கு பேசும் ஒருவரோடு சில வருடம் வேலை பார்த்தேன். பழைய கணக்கையெல்லாம் ஒரே அட்டவணையாகப் போட்டுத் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டதற்கு "அவசரம் லேது" என்றார். லேது என்றால் இல்லை என்று தெரியும். சரி, அவசரமில்லை, மெதுவாகத் தந்தால் போதும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே வேண்டாம் சொன்னேன் கதா?" என்று கேட்டார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவர் சொன்னது 'தேவையில்லை'. நாம் அவசரம் என்பதற்கு அவர்கள் சொல்வது தொந்தர, அது நம் காதில் தொந்தரவு என்று விழும்.

அப்புறம் அந்தச் சொல்லைத் துருவிப் பார்த்தேன். சமஸ்கிருதத்தில் அவசர என்றால் தருணம், ஏற்ற வேளை. இந்தியில் அவ்சர் என்றாலும் மலையாளத்தில் அவசரம் என்றாலும் வாய்ப்பு. தெலுங்கில் தேவை. தமிழிலும் கன்னடத்திலும் சீக்கிரம் முடித்தாக வேண்டிய நெருக்கடி. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் 'வேளை' என்பதை வைத்துப் பாருங்கள்: வேளை வாய்த்தால் வாய்ப்பு, வேளை ஒன்றைக் கேட்டால் தேவை, வேளை நெருக்கினால் அவசரம். இப்படித்தான் நகர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அவசர என்ற சொல்லின் வேருக்கு 'செல்', 'ஓடு' என்று பொருள், அதே வேரிலிருந்துதான் சம்சாரமும் வருகிறது. பிறந்து இறந்து சுழல்வது என்ற பெரிய பொருளோடு புறப்பட்ட சொல், இந்தியில் உலகம் ஆனது, தெலுங்கிலும் கன்னடத்திலும் குடும்பம், தமிழில் மனைவி. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு! அதே மாதிரி இந்தியில் சிக்ஷா என்பது கல்வி, மலையாளத்திலும் தெலுங்கிலும் தண்டனை, நம் பழைய வழக்கில் சிட்சையும் தண்டனைதான்.

இவையெல்லாம் முதல் வகை. இரண்டாவது வகைக்குத் தமிழைவிட்டு வெளியே போகவே வேண்டாம். ராசி என்றதும் மேஷம், ரிஷபம் ஞாபகம் வரும், அது சமஸ்கிருதம். ஆனால் சண்டை போட்ட இரண்டு பேர் 'ராசி ஆகிவிட்டார்கள்' என்கிறோமே, அந்த ராசி அரபிச் சொல், 'மனம் ஒப்பியவர்' என்று பொருள். அதோடு கடிதம் என்று பொருள்படும் பாரசீக 'நாமா' சேர்ந்ததுதான் ராஜினாமா. உருதுவில் அது உடன்பாட்டுப் பத்திரம், நமக்கு வேலையை விடும் கடிதம்.

எனக்கு மிகவும் பிடித்தது சாவி. பூட்டைத் திறக்கிற சாவி போர்த்துகீசிய 'ஷாவெ'. பால் பிடிக்காமல் பதராகப் போன பயிரை 'சாவியாகப் போச்சு' என்கிறார்களே, அந்தச் சாவி நம்முடையது. ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, ஆனால் ஒன்று கப்பலில் வந்தது, இன்னொன்று வயலில் முளைத்தது. இரண்டுக்கும் உறவு காட்ட எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக விளக்கம் சொன்னாலும் அது தப்பாகத்தான் இருக்கும்.

வெளிமொழிகளிலும் இப்படி நிறைய உண்டு. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தின் 'பேட்' மாதிரியே. ஆனால் பாரசீகச் சொல்லின் பழைய வடிவம் 'வத்', பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர். ஆங்கிலேயரிடம் கடன் வாங்கியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்து மொழியான யிடினியில் நாய்க்கு 'குடகா' என்று பெயர், அந்த மாதிரி ஒரு பழைய வடிவம் தேய்ந்து தேய்ந்து டாக் ஆகியிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொரியக் குழந்தைகள் 'ஒம்மா', 'அப்பா' என்று கூப்பிடுவது உண்மைதான். ஆனால் உறவுக்குச் சாட்சியாக வைக்கக் கூடாத சொற்கள் என்றால் முதலில் இவை இரண்டுதான். ம, ப இரண்டும் உதடு சேர்ந்து பிரிந்தாலே வந்துவிடும், எந்தக் குழந்தைக்கும் சீக்கிரம் கைகூடுகிற ஒலிகள். பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்க, மூக்கு வழியாக வருகிற முனகல்தான் ம என்று ரோமன் யாகோப்சன் என்ற மொழியியலாளர் விளக்கினார். குழந்தை ஒலிக்கிறது, அது யாரைக் கூப்பிடுகிறது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். அதனால்தான் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா! அம்மாவுக்கு அங்கே 'தேதா'.

கொரியமும் திராவிட மொழிகளும் ஒரே குடும்பம் என்று 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி ஒரு புத்தகமே எழுதினார். மொழியியலாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை. 'நீ' என்பதற்கு அங்கேயும் 'நீ' வருகிறதே என்று சிலர் காட்டுவார்கள். ஆனால் தினமும் புழங்குகிற, எளிதில் கடன் வாங்காத சொற்களை எடுத்துப் பாருங்கள்: கைக்கு அவர்கள் 'சோன்', கண்ணுக்கு 'நுன்', தண்ணீருக்கு 'முல்', ஒன்று இரண்டுக்கு 'ஹனா', 'துல்'.