பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடுங்க!

கேள்வி: என் வீட்டுக்காரர் போன வருசம் தவறிவிட்டார். பனியன் கம்பெனிச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, அவர் பெயரில் கிரயம் செய்த 3 ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. உயில் எதுவும் எழுதவில்லை. ஒரே மகள், ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். மாமனார் இல்லை, மாமியார் எங்களோடுதான். கொழுந்தனார், “பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க காடு? சீரெல்லாம் நான் செய்யறேன். பட்டா மாத்தணும், ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணி” என்கிறார். மறுகல்யாணம் செய்தால் எப்படியும் காடு போய்விடும் என்கிறார் நாத்தனார். கிரயப் பத்திரமும் கொழுந்தனார் பீரோவில் இருக்கிறது.

- ஒரு வாசகி, வெள்ளகோவில்

பதில்: அம்மணி, முதலில் ஒன்று: கையெழுத்துப் போடாதீர்கள்.

வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்றுவது தாலுகா ஆபீஸ் வேலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திர நகல் இவற்றோடு இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தால் கூட்டுப் பட்டாவுக்கு வழி பிறக்கும். சப்-ரிஜிஸ்தர் முன்னால் உட்கார வைத்துக் கைரேகை வாங்குகிறார்கள் என்றால், அது அநேகமாக விடுதலைப் பத்திரம், அதாவது உங்கள் பங்கை விட்டுக் கொடுத்துவிட்டதாக எழுதும் பத்திரம். தலைப்பிலேயே அப்படிப் போட்டிருக்கும். அந்த முதல் பக்கத்தைத்தான் பெண்களுக்கு யாரும் படிக்கக் கொடுப்பதில்லை.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியம் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு ஏக்கர். நீங்கள் மூன்று பேரும் இருக்கும்போது, கூடப்பிறந்த தம்பிக்கு இதில் ஒரு செண்டு கிடையாது. உங்கள் பங்குக்கு நீங்களே முழு உரிமைக்காரர். நாளைக்கு மறுமணம் செய்தாலும் அது உங்களுடையதுதான். சீர் செய்தாச்சு, பங்கு தீர்ந்தாச்சு என்று கணக்கு முடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். சட்டம் அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

மகளின் ஏக்கரை நீங்களே நினைத்தாலும் கோர்ட் அனுமதியில்லாமல் எழுதிக் கொடுக்க முடியாது. மீறிக் கொடுத்தால், 18 வயது முடிந்து 3 வருடத்துக்குள் அவள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். இதைக் கொழுந்தனார் காதில் போட்டு வையுங்கள். நாளைக்கு அவரிடம் விலை பேச வருகிறவர் முதலில் பார்ப்பது இந்த வில்லங்கத்தைத்தான்.

யோசிக்க வேண்டியது மாமியாரின் ஏக்கரைப் பற்றித்தான். அதை அவர் சின்ன மகனுக்கே எழுதி வைத்தால் நீங்கள் தடுக்க முடியாது. எதுவும் எழுதாமல் காலமானால், இறந்த மகனின் பிள்ளை என்ற முறையில் உங்கள் மகளுக்கும் அதில் பங்கு வரும். அதனால் கொழுந்தனார் மேலுள்ள கோபத்தை அந்தம்மாவிடம் காட்டாதீர்கள். ஒரு ஏக்கர் அவருடையது என்று அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

பீரோவில் இருக்கும் பத்திரத்துக்காகச் சண்டை வேண்டாம். பதிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் தருவார்கள், கூடவே வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். வக்கீல் வைக்கக் காசில்லையென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.