எச்.ஐ.வி. மருந்து ஆய்வில் பிஎச்.டி.: மகளை அனுப்பலாமா?

எம்.ஃபார்ம். (மருந்தியல் முதுகலை) படித்த மகளை எச்.ஐ.வி. மருந்து ஆய்வில் பிஎச்.டி. படிக்க அனுப்பலாமா, அங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் முதல் பயம் தொற்று. தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3தான். உடனடியாக, தாமதித்தாலும் 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஆபத்து இன்னும் குறைந்துவிடும். ஊசிக்காயத்தில் ஹெபடைடிஸ்-பி இதைவிட எளிதாகப் பரவும். அதற்கான மூன்று தவணைத் தடுப்பூசியையும் சேருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மகள் எம்.ஃபார்ம். என்பதால் டி.எம். கிளினிக்கல் ஃபார்மகாலஜி (நோயாளிகளிடம் மருந்து செயல்படும் விதம் பற்றிய உயர்படிப்பு) கிடையாது, அது எம்.டி. முடித்த மருத்துவர்களுக்கானது. பிஎச்.டி.தான் வழி. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும்.

இந்தத் துறையில் என்ன வேலை என்று கேட்டீர்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடும். அந்த நொதிகள் சிதைப்பதால், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் ரத்தத்தில் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு நோயும் உள்ளவருக்கு 50 மி.கி. ஒருவேளைக்குப் பதில் இருவேளை தருகிறார்கள். 'இருவேளை' என்ற அந்த ஒரு வரி விதி, ரத்தத்தில் மருந்தை மணிக்கணக்கில் அளந்து பார்த்துக் கிடைத்தது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இரு நோய் மருந்துகளையும் சேர்த்து இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள்.

அளப்பது இப்படித்தான்: மாத்திரைக்கு முன் ஒரு குழாய் ரத்தம். மாத்திரை போட்ட பிறகு 1, 2, 4, 6, 8, 12, 24 மணி நேரம் கழித்து ஒவ்வொன்று. நோயாளி காலையில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் முதல் குழாயே வீண். 10 மணிக்கு எடுக்க வேண்டியதை 10.20க்கு எடுத்துவிட்டு, தாளில் 10 என்று எழுதுவதுதான் பெரிய கேடு. தாமதத்தைக் கணக்கில் சரிசெய்யலாம். பொய் நேரத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ரத்தத்திலிருந்து பிரித்த திரவமான பிளாஸ்மா மைனஸ் 80 டிகிரியில் உறைய வேண்டும். மருந்தைப் பிரித்து, மூலக்கூறின் எடையை வைத்து அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் அளக்கும் முறை, உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குமேல் விலகக் கூடாது. மிகக் குறைந்த அளவில் மட்டும் 20 வரை விடுவார்கள்.

ஆகவே, நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியிடம் மூன்று கேள்விகள் முக்கியம். மனிதர்களிடம் ஆய்வு நடத்த நெறிமுறைக் குழு தரும் அனுமதி கையில் இருக்கிறதா? இல்லையென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். கருவி அங்கேயே உண்டா, மாதிரி வெளியே போகிறதா? கணக்கீட்டை மகளே செய்வாரா? மாதிரி எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடும் இடம் வேண்டாம்.

இப்போதே 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகட்டும், இலவசம்தான். அதிலேயே 12 பேரின் ரத்தத்தில் தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தின் அளவுகள் 'தியோஃப்' என்ற பெயரில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் நேரத்துக்கு எதிரான மருந்து அளவை வரைந்து, அந்த வளைகோட்டின் கீழ்ப் பரப்பை (உடலுக்குக் கிடைத்த மொத்த மருந்தைக் காட்டும் அளவு) கணக்கிட்டு, அந்தத் தாளோடு நேர்காணலுக்குப் போகட்டும்.