ஓய்வுக்குப் பின் ஊர் ஊராக: மருத்துவக் காப்புறுதி

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இனிக் கனடாவிலும் ஜெர்மனியிலும் உள்ள பிள்ளைகளிடம் மாறிமாறித் தங்கவிருக்கிறோம். எனக்கு நீரிழிவு உண்டு. காப்புறுதியை எவ்வாறு ஒழுங்குசெய்வது?
– ஒரு வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சை கடல் கடந்து உங்களுடன் வராது என்பதால், செல்லும் நாட்டின் விதியைப் பார்த்தே காப்புறுதி எடுக்க வேண்டும். ஜெர்மனிக்கான ஷெங்கன் விசாவுக்குக் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால விசா) குறைந்தது 30,000 யூரோ காப்பீடு தேவை. பெற்றோர் நீண்டகாலம் தங்குவதற்கான கனடிய சூப்பர் விசாவுக்கோ, குறைந்தது 100,000 கனடிய டொலர் பெறுமதியில், நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் காப்புறுதி அவசியம்.

எனக்குக் கவலை தருவது உங்கள் நீரிழிவுதான். கட்டணம் கூடுமென அஞ்சிப் பலர் அதை விண்ணப்பத்தில் மறைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மறைத்தது தெரியவந்தால், பெருந்தொகை வைத்தியசாலைக் கட்டணம் முழுவதும் பிள்ளைகளின் தலையில் விழக்கூடும். பயணத்துக்குச் சற்று முன்னர் குளிசையின் அளவு மாறியிருந்தாலும், சில நிறுவனங்கள் அந்நோய்க்கான இழப்பீட்டை மறுப்பதுண்டு. ஆகவே கிளினிக் கொப்பியைப் பிரதியெடுத்து, மருந்துகளின் பொதுப்பெயர்களை (நிறுவனம் சூட்டிய பெயரல்ல, மருந்தின் சொந்தப் பெயர்) வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்புறுதி பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கே உரியது. வழமையான இரத்தப் பரிசோதனைகளை ஊருக்கு வரும் காலத்தில் செய்துகொள்ளலாம்.